மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருடம்: ஒரகடமா, கணபதியா, கோடிங்கா, குரூப் ஃபோரா?

போன மாதம் சித்தி மகன் வீட்டுக்கு வந்தான். பி.இ. மெக்கானிக்கல், 2023-இல் முடித்தவன், அரியர் கிடையாது. இப்போது சாயங்காலம் ஆறு மணியிலிருந்து நள்ளிரவு வரை பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான், பகலில் தூங்கியது போக மிச்ச நேரத்தில் நௌக்ரி வேலைத் தளத்தில் அப்ளை பண்ணிக்கொண்டிருக்கிறான். சொந்தக்காரர்களிடம் "ஒரு கம்பெனியில டிரெயினியா இருக்கான்" என்று சித்தி சொல்லி வைத்திருப்பதால் பகலில் டெலிவரிக்குப் போவதில்லை, அவ்வளவுதான் காரணம்.

அவன் கையில் ஒரு தாள் இருந்தது. சென்னைக்குப் பக்கத்து ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் 18,000. கோயம்புத்தூர் கணபதியில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில், அதாவது மற்ற கம்பெனிகளுக்குப் பார்ட் செய்து கொடுக்கிற இடத்தில், 13,000. வேளச்சேரியில் ஃபுல் ஸ்டாக் என்கிற சாஃப்ட்வேர் கோர்ஸ், ஆறு மாதம், நாம்தான் 45,000 கட்ட வேண்டும். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்கு வீட்டில் உட்கார்ந்து படிப்பது, வரவு பூஜ்யம். கடைசியாக, துபாய்க்கு ஒரு ஏஜென்ட் வாயால் சொன்ன 60,000. இதில் எது என்று கேட்டான். நானும் அதே மெக்கானிக்கல்தான், பதினோரு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அதனால் என்னிடம் கேட்டான்.

சம்பளத்தை மட்டும் எழுதியிருந்தான் என்பதுதான் எனக்கு உறுத்தியது. பக்கத்தில் இன்னொரு கோடு போடச் சொன்னேன். தலைப்பு: இரண்டு வருடம் கழித்து, நீ என்ன வேலை தெரிந்தவன் என்று யாராவது போன் போட்டுக் கேட்டால், அவன் வேலையை நான் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லக்கூடிய ஆள் யார்? அதை நிரப்பச் சொன்னதும் ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எனக்கு இந்தக் கேள்வி எப்படித் தோன்றியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2014-இல் படிப்பு முடித்தவுடன் பெரிய தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். ஊரில் அந்தப் பெயரைச் சொன்னாலே அப்பாவுக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும். பதினோரு மாதம் ஒரே ஸ்டேஷனில் நின்று டார்க் கன் என்ற முடுக்கும் கருவியை வைத்து நான்கு போல்ட் முடுக்கினேன், ஒரு வண்டிக்கு ஒரு நிமிடம் கூடக் கிடையாது. வெளியே வரும்போது கொடுத்த எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் அந்தப் பெரிய பெயர் இல்லை, ஆள் சப்ளை செய்த கான்ட்ராக்டரின் பெயர்தான் இருந்தது. அடுத்த இன்டர்வியூவில் ஒரு டிராயிங்கை நீட்டி, இதில் ரன்-அவுட் (பார்ட் சுற்றும்போது எவ்வளவு ஆடலாம் என்கிற அளவு) எங்கே கேட்டிருக்கிறார்கள் என்றார்கள். முழித்தேன். நான்கு வருடம் படித்ததும் அந்தப் பதினோரு மாதத்தில் பாதி மறந்துபோயிருந்தது.

அதனால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகவே கூடாது என்று சொல்ல வரவில்லை. கேன்டீன் சாப்பாடு, கம்பெனி பஸ், சம்பளம் சரியாக ஏழாம் தேதி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் ஒழுங்கு. வீட்டில் கடன் இருந்து மாதாமாதம் காசு வந்தே ஆக வேண்டும் என்றால் நானே போ என்றுதான் சொல்வேன். ஆனால் உள்ளே எந்த வாசல் வழியாகப் போகிறோம் என்பது முக்கியம். கம்பெனியின் நேரடி டிரெயினியா, கான்ட்ராக்டா, அப்ரென்டிஸா என்று முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். ஆஃபர் லெட்டரின் தலையில் யார் பெயர், பி.எஃப். கட்டுவது யார், இந்த இரண்டைப் பார்த்தால் போதும்.

அப்ரென்டிஸ் என்றால் 1961-ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் வருவீர்கள். அந்தச் சட்டப்படி நீங்கள் பயிற்சியாளர், தொழிலாளி இல்லை, முடித்தவுடன் வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை. பட்டதாரி அப்ரென்டிஸுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை என்று 2019-இல் வைத்தது மாதம் 9,000. மத்திய அரசின் நாட்ஸ் என்ற அப்ரென்டிஸ் பயிற்சித் திட்டத்தில் அதில் பாதியை அரசே திருப்பிக் கொடுத்துவிடும். அதாவது ஒரு பி.இ. படித்தவன் கம்பெனிக்கு 4,500-க்குக் கிடைத்தான். இந்தக் கணக்கு தெரிந்தால்தான் வருடா வருடம் ஏன் அத்தனை பேரை எடுத்து வருடக் கடைசியில் ஏன் அத்தனை பேரையும் அனுப்பிவிடுகிறார்கள் என்பது புரியும். இதற்கும் ஒரு நல்ல பக்கம் உண்டு. மெயின்டெனன்ஸ், டூல் ரூம், குவாலிட்டி லேப் இந்த மூன்றில் ஒன்றில் போட்டார்கள் என்றால் அந்த உதவித்தொகைக்கும் போகலாம், ஒரு வருடம் கண்ணை மூடிக்கொண்டு கற்கலாம். அசெம்பிளி லைனில் போட்டார்கள் என்றால் ஒரு மாதத்தில் கற்க வேண்டியதைக் கற்றுவிடுவீர்கள், மீதிப் பதினொரு மாதம் கைதான் வேலை செய்யும்.

பெரிய பெயர் என்பதால் பத்திரம் என்று நினைப்பதும் சரியில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2014 நவம்பரில் மூடியது. மறைமலைநகரில் ஃபோர்டு 2021 செப்டம்பரில் நிறுத்தப்போவதாக அறிவித்தது, 2022 ஜூலையில் கடைசி வண்டி வந்தது. இப்படி ஒரு ஆலை மூடினால் நிரந்தரத் தொழிலாளிகளுக்குப் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார ஒரு சங்கமாவது இருக்கும், கான்ட்ராக்டில் இருப்பவர்களுக்கு அந்த நாற்காலியும் கிடையாது.

இப்போது கணபதி. கணபதி என்று சொன்னாலும் சின்னவேடம்பட்டி, பீளமேடு, குறிச்சி சிட்கோ, அரசூர், மலுமிச்சம்பட்டி, எல்லாமே இதே கதைதான். சென்னையில் என்றால் அம்பத்தூர் எஸ்டேட். தகரக் கூரை, நான்கு சி.என்.சி. டர்னிங் சென்டர் (கம்ப்யூட்டரில் ஓடுகிற கடைசல் மெஷின்), இரண்டு வி.எம்.சி. (அதே மாதிரி மில்லிங் மெஷின்), பத்துப் பன்னிரண்டு ஆட்கள், ஓனரே மார்க்கெட்டிங், ஓனரே பர்ச்சேஸ், ஓனர் வீட்டம்மா அக்கவுன்ட்ஸ். பம்ப், மோட்டார், வால்வு, டெக்ஸ்டைல் மெஷின் பார்ட்ஸ் என்று யார் கொடுத்தாலும் செய்வார்கள்.

இதன் குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத்தான் நான் கடைசியில் பரிந்துரைக்கப் போகிறேன். சம்பளம் பத்தாம் தேதியும் வரும், இருபதாம் தேதியும் வரும், கஸ்டமர் பில் பாஸ் பண்ணியதைப் பொறுத்து. பல இடங்களில் பி.எஃப். கிடையாது, கேட்டால் "கையில சேர்த்துத் தர்றனுங்க தம்பி" என்பார்கள், அதற்கு ஒத்துக்கொள்ளவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை அர்ஜென்ட் டெஸ்பாட்ச் என்று கூப்பிடுவார்கள். எஞ்சினியர் என்று சேர்ந்தாலும் சிப்ஸ், அதாவது மெஷின் சீவித் தள்ளுகிற உலோகச் சுருளைக் கூட்டவும், டெம்போவில் பெட்டி ஏற்றவும் வேண்டியிருக்கும். ஓனரின் மச்சான் ஒருவர் சூப்பர்வைசராக இருப்பார், அவருக்கு உங்கள் டிகிரி மேல் ஒரு கடுப்பு இருக்கும், அதுவும் எழுதாத விதிதான்.

ஆனால் முதல் வாரமே கையில் டிராயிங் வரும். பெரிய ஆலையில் டிராயிங்கைப் பார்க்க யாராவது அனுமதி கொடுக்க வேண்டும். இங்கே அது மெஷின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கும், மேலே ஆயில் கறையோடு. மூன்று மாதத்தில் செட்டிங் (வேலைக்கு மெஷினைத் தயார் செய்வது), ஆஃப்செட் (டூலுக்கான அளவுத் திருத்தம்), இன்சர்ட் (வெட்டும் முனை) மாற்றுவது. ஆறு மாதத்தில் இருக்கிற புரோகிராமைத் திருத்துவது. ஒரு வருடத்தில் ஒரு புது பார்ட் வந்தால் எந்த ஆபரேஷன் முதலில், எப்படிப் பிடிப்பது, ஃபிக்சர் (பார்ட்டைப் பிடித்து வைக்கிற அமைப்பு) வேண்டுமா, ஒரு பீஸுக்கு எத்தனை நிமிடம், அப்படியானால் என்ன ரேட் கொட்டேஷனில் போடுவது என்று ஓனர் யோசிக்கும்போது பக்கத்தில் நீங்கள் இருப்பீர்கள். அந்தக் கொட்டேஷன் போடுகிற மூளை பெரிய இடத்தில் ஒரு தனி டிபார்ட்மென்ட், அங்கே போக ஏழெட்டு வருடம் ஆகும்.

அதைவிட முக்கியம், அந்தத் தகரக் கூரைக்குள் வந்து போகிறவர்கள். கட்டிங் டூல் விற்கிற சேல்ஸ் ஆள் வாரத்துக்கு இருபது முப்பது பட்டறை ஏறி இறங்குவார். எந்தப் பட்டறையில் புது மெஷின் இறங்குகிறது, எங்கே செட்டர் நின்றுவிட்டான், எங்கே குவாலிட்டிக்கு ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள் என்பதெல்லாம் எந்த ஜாப் போர்ட்டலுக்கும் முன்னால் அவருக்குத்தான் தெரியும். அதே மாதிரி மெஷின் சர்வீஸ் எஞ்சினியர், அளவு பார்க்கிற கேஜ்களைச் சரிபார்க்க, கேலிபரேஷனுக்கு எடுத்துப் போகிறவர், ஸ்டீல் கடைக்காரர், கஸ்டமர் கம்பெனியிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிற குவாலிட்டி ஆள். இவர்கள் யாரும் உங்கள் நண்பர்கள் கிடையாது. மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்பீர்கள், ஒரு டீ குடிப்பீர்கள். ஆனால் நீங்கள் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தவர்கள்.

அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியான ஆய்வுக்காக வேலை மாறியவர்களிடம் விசாரித்துப் பார்த்தபோது, தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தத் தகவல் நெருங்கிய நண்பரிடமிருந்து வரவில்லை, எப்போதாவது பார்க்கிற ஆளிடமிருந்துதான் வந்தது என்று கண்டார். காரணம் எளிமையானது. நெருங்கியவனுக்கு நமக்குத் தெரிந்ததேதான் தெரியும். என் தம்பியின் காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் அறுபது பேர் இருக்கிறார்கள், அறுபது பேரும் அதே நௌக்ரி லிங்கைத்தான் மாற்றி மாற்றி ஃபார்வர்டு செய்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு இரண்டாவது வேலையும் மூன்றாவது வேலையும் கிடைத்தது டூல் விற்க வந்தவர் மூலமும், என் பீஸை ரிஜெக்ட் செய்த இன்ஸ்பெக்டர் மூலமும்தான். ரிஜெக்ட் செய்தவர் ஏன் கூப்பிட்டார் என்றால், ஏன் ரிஜெக்ட் ஆனது என்று நான் அவரிடம் அரை மணி நேரம் நச்சரித்ததால்.

ஐ.டி. கோர்ஸ் பற்றி. இதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு, ஏனென்றால் என்னுடன் படித்தவர்களில் இன்று நன்றாக இருப்பவர்களில் பாதிப் பேர் ஐ.டி.யில்தான் இருக்கிறார்கள். அதனால் பட்டறைக்காரன் பொறாமையில் பேசுகிறான் என்று எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. அவர்களில் பெரும்பாலோர் கேம்பஸில் போனவர்கள், கம்பெனியே சம்பளம் கொடுத்துக் கற்றுக்கொடுத்தது. இப்போது 45,000 கட்டி வெளியே கற்றுக்கொண்டு, அதே ஆறு மாதக் கோர்ஸை முடித்த நூற்றுக்கணக்கானவர்களோடு ஒரே மாதிரி புராஜெக்ட்டை ரெஸ்யூமில் போட்டுக்கொண்டு நிற்பது வேறு விஷயம். பெரிய கம்பெனிகளின் ஃபிரெஷர் சம்பளம் பல வருடமாக ஆண்டுக்கு மூன்று, நான்கு லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது, அதுவே எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதைக் காட்டிவிடும். கோர்ஸ் சேருவதற்கு முன் ஒரு சோதனை: இலவசமாகக் கிடைப்பதை வைத்து இரண்டு மாதம் தினமும் இரண்டு மணி நேரம் கோடிங் எழுதிப் பாருங்கள். அலுக்கவில்லை என்றால் போங்கள், அலுத்தால் 45,000 மிச்சம்.

அப்புறம், "மூன்று வருட எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தருகிறோம்" என்று ஒரு கும்பல் வரும். காசு வாங்கிக்கொண்டு போலி லெட்டர் தருவார்கள். பி.எஃப்.-இல் ஆளுக்கு ஒரே நிரந்தர எண்ணாக யு.ஏ.என். வந்த பிறகு எந்தக் கம்பெனி எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை உங்களுக்குப் பணம் கட்டியது என்பது ஒரே இடத்தில் தெரிகிறது, பேக்கிரவுண்டு வெரிஃபிகேஷனில் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். சேர்ந்து நான்கு மாதம் கழித்து மாட்டிக்கொண்டு ஒரே நாளில் வெளியே வந்த பையனை எனக்குத் தெரியும். பட்டறையில் பி.எஃப். கேட்கச் சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான், நிஜமாக வேலை செய்த வருடங்களுக்குக் கூட சாட்சி இல்லாமல் போய்விடக் கூடாது.

குரூப் 4. 2024-இல் முதலில் அறிவித்த 6,244 இடங்களுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். முந்நூற்று இருபது பேருக்கு ஓர் இடம். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வு இது, எழுதுகிறவர்களில் எஞ்சினியர்கள் எத்தனை பேர் என்று எந்தப் படிப்பகத்திலும் எட்டிப் பார்த்தால் தெரியும். கோயம்புத்தூர் மாநகராட்சியில் 2019-இல் 549 தூய்மைப் பணியாளர் இடங்களுக்கு ஏறத்தாழ 7,000 பேர் விண்ணப்பித்தபோது அதில் எஞ்சினியர்களும் இருந்தார்கள், அது செய்தியாக வந்தது, நான்கு நாள் எல்லோரும் அங்கலாய்த்தோம், அவ்வளவுதான். அந்த எஞ்சினியர்கள் முட்டாள்கள் இல்லை. நிரந்தரம் என்ற ஒரு சொல்லுக்கு வெளியே என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள்.

இளநிலை உதவியாளரின் அடிப்படைச் சம்பளம் 19,500-இல் ஆரம்பிக்கிறது, அதோடு அகவிலைப்படி. ஒரகடத்து 18,000-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். எனக்குப் பயம் அதில் இல்லை. பத்தாம் வகுப்பைவிடக் கூடுதலாகப் படித்த பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்குப் பல பதவிகளில் உச்ச வயது வரம்பே கிடையாது. நல்ல விதிதான், ஆனால் யாரும் "போதும், எழுந்து வா" என்று சொல்ல மாட்டார்கள். ஒரு தேர்வு, ரிசல்ட், கவுன்சிலிங் என்று ஒரு சுற்றே ஒரு வருடத்தை விழுங்கும். மூன்று சுற்று போனால் இருபத்தேழு வயது, கையில் மெஷினும் இல்லை, பதவியும் இல்லை, அந்த மூன்று வருடத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பார்த்தவர் அம்மா மட்டும்தான். படிப்பதாக இருந்தால் தேதி போட்டுப் படியுங்கள், இரண்டு தேர்வு, அதற்கு மேல் இல்லை என்று வீட்டில் சொல்லிவிட்டு. இல்லாவிட்டால் மெக்கானிக்கல் பாடமே கைகொடுக்கிற டி.என்.பி.எஸ்.சி. டெக்னிக்கல் சர்வீசஸ், ரயில்வே ஜே.இ. (ஜூனியர் எஞ்சினியர்) பக்கம் திரும்பலாம், அங்கே படிப்பதில் பாதி இன்டர்வியூவுக்கும் ஆகும்.

துபாய்க்காரருக்கு நான் அதிக நேரம் செலவழிக்கவில்லை. ஏஜென்டின் பதிவு எண்ணைக் கேட்டு மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார் என்றேன். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று உச்சவரம்பு இருக்கிறது, இவர் கேட்டது ஒன்றரை லட்சம். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றாராம். சட்டென்று தாளில் கோடு போட்டு அடித்துவிட்டோம். வளைகுடாவுக்குப் போகவே வேண்டாம் என்பதில்லை, வெல்டிங் இன்ஸ்பெக்‌ஷன், என்.டி.டி. (பொருளை உடைக்காமல் சோதிப்பது) லெவல் 2 முடித்து, திருச்சி பக்கத்து ஃபேப்ரிகேஷன் யூனிட்களில் இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போகிறவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். ஃபிரெஷராக எஞ்சினியர் பதவிக்குப் போவதுதான் சிக்கல். சவூதியில் எஞ்சினியர்கள் அந்நாட்டு எஞ்சினியர்கள் கவுன்சிலில் பதிய வேண்டும், குவைத்தில் 2018-இலிருந்து என்.பி.ஏ. என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் இல்லாத காலேஜ் டிகிரியோடு போய்ப் பல இந்தியர்கள் மாட்டிக்கொண்டார்கள். தம்பியின் காலேஜுக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டேன், அவனுக்கே தெரியவில்லை. அரசாங்கத்தின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியில் இருக்கிறது, போவதாக இருந்தால் அங்கே பதிந்து வைப்பது நல்லது.

சரி, எதை எடுத்தாலும் ஆட்களிடம் கேட்பது எப்படி என்று ஒன்று இருக்கிறது. "அண்ணா, ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று அவன் இருபது பேருக்கு ஒரே மெசேஜை அனுப்பியிருந்தான். எனக்கும் வந்தது. அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? "சொல்றேன்டா" என்று அனுப்பிவிட்டு மறந்துவிட்டேன், சொந்தத் தம்பிக்கே இந்தக் கதி. அதையே "உங்க கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்ற பட்டறை பேர் இரண்டு சொல்லுங்க, நானே போய்ப் பார்க்கிறேன்" என்று கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் பதில் போயிருக்கும். கோயம்புத்தூர் சிறுதொழில் சங்கமான கொடீசியா நடத்துகிற இன்டெக், சென்னை நந்தம்பாக்கத்தில் அம்பத்தூர் உற்பத்தியாளர் சங்கம் நடத்துகிற ஆக்மீ மாதிரி மெஷின் கண்காட்சிகளுக்குப் போகச் சொன்னேன். அங்கே ரெஸ்யூமை நீட்ட வேண்டாம். ஓடுகிற மெஷின் முன்னால் நின்று, இது என்ன மெட்டீரியல், ஏன் இந்த ஃபீட் என்று கேட்டால் போதும், ஸ்டாலில் இருப்பவர் காலையிலிருந்து பிரவுச்சர் சேகரிக்கிறவர்களையே பார்த்து வெறுத்துப்போயிருப்பார், சந்தோஷமாகப் பேசுவார்.

ரெஸ்யூமின் முதல் வரியில் "சவாலான பணியை எதிர்நோக்கும் கடின உழைப்பாளி" என்கிற அர்த்தத்தில் ஏதோ இருந்தது, அதை எடுத்தோம். எழுத வேறு எதுவும் இல்லை என்றான். அதுதான் பிரச்சினையே.

கடைசியில் கணபதிக்குப் போனான், மூன்று நிபந்தனையோடு. பி.எஃப். பிடிக்க வேண்டும், ஆறு மாதத்தில் செட்டிங் கொடுக்க வேண்டும், ஒரு வருடத்தில் சம்பளம் பேச வேண்டும். ஓனர் முதல் இரண்டுக்கு ஒத்துக்கொண்டார், மூன்றாவதற்குச் சிரித்தார். சித்திக்குத்தான் வருத்தம், "அஞ்சாயிரம் கம்மியா?" என்று என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.

நேற்று ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தான். 25 எச்7 போர், அதாவது ஓட்டை 25.000-க்கும் 25.021 மில்லிமீட்டருக்கும் நடுவில் வர வேண்டும், இவனுக்கு 25.03 வந்துவிட்டது, நாற்பது பீஸ் போய்விட்டதாம். ஓனர் திட்டினாரா என்று கேட்டேன். "நல்லாத் திட்டுனாருங்கண்ணா. அப்புறம் மெஷின்கிட்டக் கூட்டிட்டுப் போய் ஆஃப்செட் எப்படிப் போடறதுன்னு காட்டுனாரு, ஒம்பது மணி வரைக்கும் நின்னோம்" என்றான்.